அன்பின்மை குற்றமா?

பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாய்த்திருக்கும் பாக்கியங்களுள் ஒன்று, ஒரே விஷயத்தைப் பற்றி நாற்பது பேர் எழுதிய நாற்பது கட்டுரைகளை ஒரே இரவில் படித்து முடிப்பது. அதிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 'என் பள்ளி' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரை இருக்கிறதே, அதைப் படிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எல்லோருடைய பள்ளியும் பெரிய பள்ளி. எல்லா ஆசிரியர்களும் அன்பே உருவானவர்கள். தோட்டத்தில் வண்ண வண்ணப் பூக்கள் குலுங்கும். எங்கள் பள்ளியில் தோட்டமே கிடையாது. அதனால் என்ன? நோட்ஸ் புத்தகத்தில் தோட்டம் இருக்கிறது. ஆகவே கட்டுரையிலும் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஓர் இரவு அத்தகைய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய முப்பது தோட்டங்களைத் தாண்டிய பிறகு ஒரு தாள் வந்தது. அதில் தோட்டம் இல்லை. மத்தியானத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று இருந்தது. கடைசி பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுகிறது என்று இருந்தது. முடிவில், 'எனக்கு இந்தப் பள்ளியின் மேல் அபெக்ஷன் இல்லை' என்ற கருத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அபெக்ஷன் என்ற சொல்லுக்குப் பின்னால் வரவேண்டிய இடைச்சொல்லைப் பையன் தவறாகப் போட்டிருந்தான். அதைச் சிவப்பு மையினால் வட்டமிட்டேன். பிறகுதான் வாக்கியத்தின் பொருள் மண்டையில் ஏறியது. எனக்குக் கோபம் வந்தது.

இருபது ஆண்டுகளாக நான் வேலை பார்க்கும் பள்ளி அது. ஜூன் மாதம் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பையனுக்கு அதன்மேல் அன்பு இல்லையாம்! மறுநாள் காலையில் தாளைத் தலைமையாசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனேன். "பள்ளிக்கூடத்தை வெறுக்கிறேன் என்று எழுதியிருக்கிறான், ஸார்" என்றேன். தலைமையாசிரியர் வேலை மிகுந்தவர். ஆங்கில வாத்தியார் சொல்வதைவிட அதிகமாக ஆங்கிலக் கட்டுரையில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தாளைப் படிக்கவில்லை. தகப்பனாரை அழைத்து வரச் சொல்லி உத்தரவாயிற்று.

தகப்பனார் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "பையன் அறியாம எழுதிட்டான், ஸார். மன்னிச்சுக்கிடுங்க" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டும் என்று தீர்மானித்து, அதற்கு வேண்டிய வாசகத்தை நானே சொன்னேன். 'எனக்கு என் பள்ளியின் மீது மிகுந்த அன்பு உண்டு' என்பது அதன் முதல் வாக்கியம். அவன் அழகாக எழுதினான். இந்தத் தடவை இடைச்சொல்லில் பிழை இல்லை.

இப்படியாக விஷயம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று திருப்தியோடு வீடு திரும்பினேன்.

ஆகஸ்டு 15-ந் தேதி விழாவில் வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றி நான் பேசவேண்டும் என்று ஏற்பாடு. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அவர்மீது வழக்கு நடந்ததும் தீர்ப்புச் சொல்லப்பட்டதும் எங்கள் ஊரில்தான். 1908-ஆம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி நீதிபதி பின்ஹே ஆயுள் காலத் தீவாந்தர சிக்ஷை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்துச் சிதம்பரம் பிள்ளை 1912-ஆம் வருஷக் கடைசியில்தான் வெளியே வந்தார். இவ்வளவும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். பட்டதாரி வாத்தியார் கொஞ்சம் அதிகமாகச் சொல்லவேண்டாமா? அவர்மீது சாட்டிய 124-ஏ பிரிவு என்னதான் சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அங்கே ஓர் ஆங்கிலச் சொல் என்னைப் பிடித்து நிறுத்திற்று. 'டிஸ்அபெக்ஷன்' என்பது அந்தச் சொல்.

1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது இந்தப் பிரிவு அதில் இல்லை. 1870-ல்தான் சேர்த்தார்கள். சட்டப்படி ஏற்பட்ட சர்க்காரிடம் பிறருக்கு டிஸ்அபெக்ஷன் உண்டாகும்படி பேசுவதும் எழுதுவதும், உண்டாக்க முயல்வதும் குற்றம் என்றார்கள். சர்க்காருடைய நடவடிக்கைகளை வெறுமே கண்டிப்பது குற்றமல்ல என்று ஒரு விளக்கத்தையும் கூடவே வைத்தார்கள். அப்படியானால் கண்டனம் எங்கே முடிகிறது, டிஸ்அபெக்ஷன் எங்கே தொடங்குகிறது? எத்தனையோ பேருடைய சிறைவாசம் இந்த ஒரு சொல்லின் பொருளில் அடங்கியிருந்தது.

முதல் வழக்கு 1891-ல் கல்கத்தாவில் நடந்தது. 'வங்கவாசி' என்ற பத்திரிகையைச் சேர்ந்தவர்கள் எதிரிகள். பிரதம நீதிபதி பெத்தராம் ஜூரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கினார். அபெக்ஷன் என்றால் அன்பு. டிஸ்அபெக்ஷன் என்றால் அன்புக்கு மாறான உணர்ச்சி, அதாவது வெறுப்பு என்பது அவர் கொண்ட பொருள். ஜூரர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வருத்தம் தெரிவித்ததும் வழக்கு கைவிடப்பட்டது.

ஆறு வருஷங்கள் சென்றன. 1897-ல் பம்பாயில் லோகமான்ய திலகர் கூண்டில் நின்றார். 'கேசரி'யில் வெளியானவற்றுக்காக வழக்கு. நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரர்களுக்குச் சொன்ன விளக்கம் பிரசித்தமானது. டிஸ்அபெக்ஷன் என்றால் அன்பு இல்லாமையே, வேறொன்றுமில்லை என்றார். அடுத்த மூச்சிலேயே வெறுப்பு, பகைமை, விரோதம், அவமதிப்பு ஆகிய சகல துர்எண்ணங்களும் அதுவே என்றார். அந்த எண்ணம் அதிகமா கொஞ்சமா என்பது முக்கியமில்லை. வாசித்தவர்கள் மனத்தில் அது உண்மையில் உண்டாயிற்றா என்பதும் முக்கியமில்லை என்றார். ஒன்பது ஜூரர்களில் ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் குற்றவாளி அல்ல என்றனர். பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

ஜூரர்களுக்கு நீதிபதி தவறான விளக்கம் கொடுத்துவிட்டார் என்று திலகர் சார்பில் லண்டன் பிரிவி கௌன்ஸிலில் வாதாடியவர் ஆஸ்க்வித். அந்த வாதம் பலிக்கவில்லை. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1908-ல் அதே பிரிவின் கீழ்த் திலகரை ஆறு வருஷம் மாந்தலேக்கு அனுப்பியபோது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரதம மந்திரி அதே ஆஸ்க்வித்! அந்த வழக்கில் திலகர் தாமே இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். 'நான் எழுதிய மராத்தியை இங்கிலீஷில் மாற்றியவர்கள் நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாக ஆக்கிவிட்டார்கள்' என்பது அவருடைய பெரிய குறைகளில் ஒன்று.

இங்கே கொஞ்சம் இலக்கணம் பேசினால் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாத்தியாருடைய வியாதி அது.

வடமொழியில் 'அ' என்ற எழுத்து சொல்லுக்கு முன்னால் நின்று அதை மறுக்கும். அந்த மறுப்புக்கு மூன்று பொருள் உண்டு என்று இலக்கணம் கற்றவர்கள் பிரிப்பார்கள்: இன்மை, அன்மை, மறுதலை. அரூபம் என்றால் உருவம் இல்லாதது, இது இன்மை. அசைவம் என்றால் சைவம் அல்லாத வேறொன்று, இது அன்மை. அதர்மம் என்றால் தர்மம் இல்லாமை மட்டுமன்று, தர்மத்துக்கு நேர் எதிரானது, இது மறுதலை. ஒரே எழுத்துத்தான். ஆனால் இன்மையிலிருந்து மறுதலைக்குள்ள தூரம், வெறும் பானைக்கும் விஷம் நிறைந்த பானைக்கும் உள்ள தூரம்.

ஆங்கில 'டிஸ்' என்பதும் இப்படிப்பட்ட ஆசாமிதான். ஆர்டர் இல்லாதது டிஸ்ஆர்டர். லைக் என்பதோடு சேர்ந்து டிஸ்லைக் ஆகும்போதோ, விருப்பம் இல்லாமையோடு நில்லாமல் வெறுப்பே ஆகிவிடுகிறது. ஈஸ் என்றால் சுகம்; டிஸீஸ் என்றால் சுகமின்மை என்று நின்றுவிடாமல் நோய் என்று வந்துவிடுகிறது. டிஸ்அபெக்ஷன் என்ற சொல்லை ஆங்கிலேயர் சில நூற்றாண்டுகளாக ஆட்சியிடம் கொண்ட விரோத மனப்பான்மைக்கே வழங்கி வந்தார்கள். சொல்லைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் சொல்வது எப்போதும் சரியாக வராது. பெத்தராம் மறுதலைப் பொருளைக் கொண்டார். ஸ்ட்ரேச்சியோ இன்மையையும் மறுதலையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அதன் பயன் என்ன? 'நான் யாரையும் பகைக்கவில்லை' என்று எதிரி நிரூபித்தாலும் போதாது. 'எனக்கு உங்களிடம் அன்பு உண்டு' என்றல்லவா நிரூபித்தாக வேண்டும்! அன்புக்கும் பகைக்கும் நடுவில் மனிதன் நிற்பதற்கு ஓரடி நிலம் கூட இல்லாமற் போய்விட்டது.

மறு வருஷமே, 1898-ல், சட்டத்தைத் திருத்தினார்கள். ராஜ விசுவாசமின்மையும் எல்லாவிதப் பகை உணர்ச்சிகளும் டிஸ்அபெக்ஷனில் அடங்கும் என்று விளக்கம் எழுதினார்கள். எங்கள் ஊரில் சிதம்பரம் பிள்ளைமீது பாய்ந்தது இந்தத் திருத்திய வாசகந்தான்.

நீதிபதி ஸ்ட்ரேச்சியைப் பற்றிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். நம்முடைய பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். 'வேண்டாதவர்' என்கிறோம். சொல்லின்படி, நமக்குத் தேவையில்லாதவர் என்பதுதான் பொருள். வழக்கிலோ அவர் விரோதி. 'அந்த வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது' என்கிறோம். ஆகாது என்பதில் என்ன பகை இருக்கிறது? ஆனாலும் கேட்பவர்கள் இரண்டு தலைமுறை வழக்கையும் வேலித் தகராறையும் உடனே ஊகித்துக்கொள்கிறார்கள். கல்யாணத்துக்கு வராதவர் பகைவர். வந்து சாப்பிடாமற் போனவர் பெரும் பகைவர். இல்லாமையை எதிர்ப்பாக எண்ணிக்கொள்வது வெள்ளைக்கார நீதிபதிக்கு மட்டும் உரிய தவறு அல்ல.

இவையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு, 1922-ஆம் வருஷத்து அகமதாபாத் வழக்குக்கு வந்தேன். 'யங் இந்தியா'வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக மகாத்மா காந்தி மார்ச் மாதம் 18-ந் தேதி நீதிபதி புரூம்பீல்டு முன் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்பு என்பது சட்டத்தினால் உற்பத்தி செய்யக் கூடியதுமல்ல, ஒழுங்குபடுத்தக் கூடியதுமல்ல. ஒருவரிடத்தில் அன்பில்லாதவன், பலாத்காரத்தைத் தூண்டாதவரையில், அதை முழுவதும் வெளியிட உரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். நீதிபதி மரியாதையோடு பேசி, திலகருக்கு விதித்த அதே ஆறு வருஷத்தை விதித்தார்.

அன்பு சட்டத்தினால் உற்பத்தி செய்யக் கூடியது அல்ல! இந்த இடத்தில் என் பேனா நின்றது. 'எனக்கு என் பள்ளியின் மீது மிகுந்த அன்பு உண்டு' என்று எனக்கு எதிரே நின்று எழுதிய விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

மேஜை அறையில் கிடந்த அவன் கட்டுரையை எடுத்து மறுபடியும் படித்தேன். 'அன்பு இல்லை' என்றுதான் இருந்தது. 'வெறுக்கிறேன்' என்று எந்த வரியிலும் இல்லை. தலைமையாசிரியரிடம் போய் அப்படிச் சொன்னவன் நான். இன்மையை மறுதலையாக மொழிபெயர்த்த அதிகாரப்பூர்வமான மொழிபெயர்ப்பாளன் நான். பொருள் சொன்ன நீதிபதியும் நான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது கண்டனமே தவிர அன்பின்மை கூட அல்ல. அதற்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது, நான்தான் கொடுக்கவில்லை.

என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ரசத்தைக் கிளறிக்கொண்டே, "அந்தப் பையன் உங்களிடம் வந்து இன்னும் இரண்டு மாசங்கூட ஆகவில்லையே. கல்யாணமாகி இரண்டு மாசத்தில் உங்கள் வீட்டின் மேல் எனக்கு அன்பு இருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்?" என்றாள். கேட்காமல் இருந்த என் தாயாரின் விவேகத்தை அன்றுதான் உணர்ந்தேன்.

விழா நாளில் பேசினேன். சுதந்திரத்துக்குப் பின் நடந்ததையும் சொன்னேன். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கே. எம். முன்ஷி முதலியோர் முயற்சியால், பேச்சுரிமைக்கு விலக்காக நகலில் இருந்த 'ஸெடிஷன்' என்ற சொல் நீக்கப்பட்டது. 124-ஏ பிரிவு மட்டும் தண்டனைச் சட்டத்தில் தங்கிவிட்டது. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பலாத்காரத்தையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கே அது பொருந்தும் என்று எல்லை வகுத்துப் பிரிவை நிலைக்க விட்டது. 2022-ஆம் வருஷம் மே மாதம் அதே கோர்ட்டு அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ந் தேதி பழைய தண்டனைச் சட்டமே போய்ப் புதிய சட்டம் வந்தது. அதன் 152-ஆம் பிரிவில் நாட்டின் இறைமை, ஒற்றுமை ஆகியவற்றுக்கு ஆபத்து விளைப்பது பேசப்படுகிறது; டிஸ்அபெக்ஷன் என்ற சொல் அங்கே இல்லை. புதிய வாசகத்தின் எல்லை எது என்பது நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு அளந்து சொல்லவேண்டிய விஷயம்.

தமிழில் நாம் செய்துகொண்ட ஒரு மாற்றத்தையும் குறிப்பிட்டேன். பழைய பத்திரிகைகள் இந்தக் குற்றத்தை 'ராஜத் துரோகம்' என்று எழுதின. ராஜா போனபின் அதையே 'தேசத் துரோகம்' என்று எழுதப் பழகிவிட்டோம். ஆனால் பழைய பிரிவில் சொல்லியிருந்தது தேசத்தை அல்ல, சர்க்காரை. தேசம் வேறு, அதை ஆளும் சர்க்கார் வேறு என்று நிலைநாட்டத்தானே சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார்?

பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஸ்ட்ரேச்சியின் விளக்கத்துக்கு வந்தேன். அன்பு இல்லாமையே குற்றமென்று ஒரு நீதிபதி சொன்னார் என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வெறுமே கவனித்துக் கேட்டான். எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. ஒருவாறு முடித்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் அவனை அழைத்தேன். மன்னிப்புக் கேட்பதில் வாத்தியார்களுக்குப் பயிற்சி போதாது. சுற்றி வளைத்து, "நீ எழுதியதை நான் தப்பாகப் படித்துவிட்டேன், தம்பி" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெறுப்பெல்லாம் இல்லை, ஸார். பழைய பள்ளிக்கூடத்திலே எனக்குச் சேக்காளிகள் இருந்தாங்க. இங்கே இன்னும் யாரும் இல்லை. அதைத்தான் எழுதினேன்" என்றான்.

"அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம், ஸார்" என்றான்.

தலைமையாசிரியரிடம் போய் என் தவற்றைச் சொல்லிக் கடிதத்தை வாங்கிவந்து கிழித்தேன். குழாய் விஷயத்தையும் சொன்னேன். அது இரண்டு வாரத்தில் பழுது பார்க்கப்பட்டது. அன்று மாலை மார்க்கெட்டுக்குப் போய் அவன் தகப்பனாரையும் பார்த்தேன். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், "அதுக்கென்ன, ஸார், பையன் நல்லாப் படிச்சா போதும்" என்று அவர் முடித்துவிட்டார். இழந்த கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத் தருகிறேன் என்று சொல்லும் தைரியமும் எனக்கு வரவில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை எந்தக் காகிதத்தைக் கிழித்தும் அழிக்க முடியாது.

இப்போது அவன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். சேக்காளிகள் இருவர் கிடைத்திருக்கிறார்கள். தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறான். அந்த வணக்கத்தில் அன்பு இருக்கிறதா, இல்லையா என்று நான் ஆராய்வதில்லை. வணக்கம் போதும்.